வலது பக்கம் ஆறு மீட்டர்

கடப்பாறை இரண்டாம் தடவை இறங்குவதற்குள் அவன் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டான்.

"நிறுத்துங்கண்ணே. போதும்."

குழி தோண்டுகிறவர் கடப்பாறையை விடாமல் அவனை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்குத் தோண்டுறேன்னு தெரியுமா தம்பி? உங்கம்மாவுக்கு. காலையில உங்க அத்தான்தான் வந்து இடம் காட்டிட்டுப் போனாரு."

"தெரியும். இங்க வேண்டாம். கீழ கேஸ் குழாய் போகுது."

அவர் கடப்பாறையை மெல்லத் தரையில் படுக்க வைத்தார், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி. பிறகு மூன்றடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

அம்மா அன்று விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டாள். எண்பத்தோரு வயது. ஒரு வாரமாகச் சாப்பாடு குறைந்து, நடை குறைந்து, பேச்சு மட்டும் குறையாமல் இருந்தாள். அந்தப் பேச்சிலும் பாதி ஒரே பேச்சுதான். "என்னை அப்பாவுக்கு வலது பக்கம் போடுங்கடா. இடது பக்கம் போட்டா நான் யார்கிட்ட பேசுறது?"

அப்பாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. கொதிகலன் பட்டறையில் முப்பது வருஷம் நின்றதில் போன காது. அதனால் பஸ்ஸில், கட்டிலில், போட்டோவில்கூட அம்மா அவருக்கு வலது பக்கம்தான். ஒரு கல்யாண வீட்டில் யாரோ தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட, "எழுந்திருங்க, அது என் இடம்" என்று கூட்டத்தில் சண்டை பிடித்தவள் அவள். தனக்கென்று வாழ்நாளில் அவள் கேட்டது அந்த ஒரு இடம்தான்.

பிள்ளையோ கேஸ் குழாய்க் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். பதினெட்டு வருஷமாகக் குழாய் போகிற பாதை நெடுக நடப்பதும், இரண்டு பக்கமும் பத்து மீட்டருக்குள் முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் தோண்டாமல் பார்த்துக்கொள்வதும், ஆழமும் தூரமும் அளந்து படிவத்தில் கையெழுத்துப் போடுவதும்தான் அவன் பிழைப்பு. தட்டுக்கும் தம்ளருக்கும்கூட இடைவெளி பார்ப்பான் என்று அக்கா அவனுக்கு 'ஸ்கேல்' என்றே பெயர் வைத்திருந்தாள். அப்பேர்ப்பட்ட ஸ்கேல், அம்மா வலது பக்கம் வலது பக்கம் என்று சொல்லச் சொல்ல வாயைத் திறக்கவில்லை. சரிசரி என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டான்.

கால் மணி நேரத்தில் அக்காவும் அத்தானும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அக்கா அழுது வீங்கிய முகத்தோடு நேராக அவனிடம் வந்தாள்.

"என்னடா பிரச்சினை? நாலு மணிக்கு எடுக்கணும். வீடு பூரா ஆளுங்க."

"இந்தப் பக்கம் தோண்ட முடியாதுக்கா. லைன் போகுது."

"லைன் தள்ளிதான் போகுதுன்னு நீதானே சொல்லியிருக்க?"

குழி தோண்டுகிறவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்லறைத் தோட்டத்து அறைக்குப் போய், சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த வரைபடத்தைக் கழற்றி எடுத்து வந்தார். கம்பெனி கொடுத்த படம். கண்ணாடி முழுக்கத் தூசி. அத்தான் அதைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு வாய்விட்டுப் படித்தார்.

"கடைசிக் கல்லறை வரிசையிலிருந்து குழாய்க்கு ஆறு மீட்டர். அளந்து சரிபார்க்கப்பட்டது." பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். "மாப்ள, இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"அப்புறம் என்ன? மாமா கல்லுதான் கடைசி வரிசை. ஆறு மீட்டர்ல ரெண்டு குழி போடலாம். பத்து மீட்டர் கணக்கெல்லாம் ஊருக்குச் சொல்றது. கடப்பாறை வேண்டாம், மண்வெட்டியால பதமா எடுக்கச் சொல்லுவோம். நீ பக்கத்துலயே நில்லு."

தலையை ஆட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அவனுக்கு அது தெரியாமல் இல்லை. பேப்பர் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, அம்மாவின் வார்த்தை இருக்கிறது. உண்மையிலேயே ஆறு மீட்டராக இருந்தாலும் இருக்கும். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் இந்த ஆசை ஒருநாள் வரும், எழுதினது எப்படியாவது சரியாக இருந்துவிடாதா என்று.

"நான் அளக்கலை," என்றான்.

"என்ன?"

"அன்னைக்கு நான் அளக்கலைக்கா. அப்பாவை இங்க வச்சு அப்ப மூணு வாரம்தான் ஆகியிருந்துது. வாசல் வரைக்கும் ஜீப்புல வந்தேன். கேட்டைத் தாண்டிக் கால் வரலை. குழாய் பதிக்கிறதுக்கு முன்னாடி போட்ட பிளான்ல ஆறுன்னு இருந்துது. அதையே பார்த்து எழுதிட்டேன். பதிக்கும்போது அங்க இங்க வளைச்சிருப்பாங்க. பாறை வந்தா வளைப்பாங்க. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளமே. அப்புறம் ஏழு வருஷமா அந்த ஆறையே திருப்பித் திருப்பி எழுதிட்டு இருக்கேன்."

அத்தான் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவன் எதிரே வந்து நின்றாள்.

"அம்மா ஒரு வாரமா கேட்டுட்டே இருந்தாங்களேடா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலை?"

"தேறி எழுந்து உட்கார்ந்துருவாங்கன்னு நினைச்சேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் போனை எடுத்தான்.

"ஆபீஸுக்குச் சொன்னா உன் வேலை என்னாகும், யோசிச்சியா?" என்று அத்தான் கேட்டார்.

"யோசிச்சா பண்ண மாட்டேன் அத்தான்," என்றான் அவன். அதற்குள் எதிர்முனையில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

சூப்பர்வைசர் மேடம் ஒன்றரை மணிக்கு இரண்டு ஆட்களோடு வந்தார். கண்டிப்பான பெண்மணி. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா விஷயம் கேள்விப்பட்டேன். மனசைத் தேத்திக்கங்க," என்று சொல்லி முடித்த கையோடு, "எங்க?" என்றார். அவன் காட்டினான்.

குழாய் தேடும் கருவியை ஒருவர் தரையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆறாவது மீட்டரில் கருவி வாயைத் திறக்கவில்லை. ஐந்தில் இல்லை. நான்கில் இல்லை. அப்பாவின் கல்லை நெருங்க நெருங்க முனக ஆரம்பித்து, அம்மாவுக்காகக் கயிறு கட்டி வைத்திருந்த சதுரத்துக்குள் நுழைந்ததும் விடாமல் கத்தியது. அக்கா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஆட்கள் சின்ன மண்வெட்டியால் கைவைத்துத் தோண்டிப் பார்த்தார்கள். இரண்டடியில் மஞ்சள் பிளாஸ்டிக் நாடா ஒன்று வந்தது. மண்ணைத் தட்டிவிட்டதும் எழுத்து தெரிந்தது: கீழே எரிவாயுக் குழாய், தோண்டாதீர். இன்னும் இரண்டடி கீழே குழாயே தெரிந்தது. கல்லிலிருந்து ஒன்றரை மீட்டர்கூட இல்லை. குழி தோண்டுகிறவர் எட்டிப் பார்த்தார். காலையில் தான் கடப்பாறை போட்ட இடத்தையும் பார்த்தார். "தண்ணி இருக்கா தம்பி?" என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

மேடம் வரைபடத்தில் அவன் கையெழுத்தைப் பார்த்தார். "இதை நீங்களே எழுதிக் கொடுக்கணும். உங்களை லைன்லேர்ந்து எடுத்துருவாங்க. அதுக்கு மேலயும் போகலாம். நான் எதையும் மறைக்க மாட்டேன்."

"மறைக்க வேண்டாம் மேடம்."

"இடது பக்கம் ஒரு குழிக்கு இடம் இருக்கு போல. கையால மட்டும் தோண்டட்டும். என் ஆளுங்களும் கூட நிப்பாங்க, நானும் நிக்கிறேன்."

அவன் அக்காவைப் பார்த்தான். வீட்டில் மூத்தவள் அவள்தான், அவள் வாயால் வர வேண்டும். அவள் அப்பாவின் கல்லுக்கு இடப்பக்கம் போய் நின்று, அந்தக் குறுகலான இடத்தைக் காலால் தடவிப் பார்த்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இங்கேயே தோண்டுங்க," என்றாள். பிறகு யாரிடம் என்றில்லாமல், "அம்பது வருஷம் பேசினது போதாதா என்ன? கொஞ்ச நாள் அவரும் நிம்மதியா தூங்கட்டும்," என்றாள். அத்தானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது.

தம்பியிடம் மட்டும் அவள் பேசவில்லை. வீட்டுக்குப் போனபோதும், அம்மாவைத் தூக்கியபோதும், ஒரே வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வந்தபோதும் பேசவில்லை. நாலு மணி நாலே முக்காலானது. அம்மா இடது பக்கம் இறங்கினாள். அவன் கை நிறைய மண் அள்ளிப் போட்டான். ஒரு வார்த்தை சொல்லி வழியனுப்பலாம் என்று வாயைத் திறந்தான். 'மன்னிச்சிரும்மா' என்பதற்குப் பதிலாக இன்னொரு கை மண்ணை அள்ளிப் போட்டான்.

சொந்தபந்தம் எல்லாம் போன பிறகு அவன் மட்டும் தங்கினான். ஆட்கள் சோதனைக் குழியை அன்றே மூடியாக வேண்டும். மூடுவதற்கு முன் சரியான அளவு எடுத்தாக வேண்டும். மேடம் புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஆட்களோடு வண்டிக்குப் போனார். இந்த லைனில் அவன் நிரப்பப்போகும் கடைசிப் படிவம். 'எங்கிருந்து அளக்கப்பட்டது' என்று ஒரு கட்டம். கீழே பொடி எழுத்தில், 'இடம் மாறாத பொருளாக இருத்தல் வேண்டும்'.

அவன் டேப்பின் நுனியை அப்பாவின் கல்லில் வைத்து ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் எட்டி இழுத்தான். எட்டவில்லை. நுனி நழுவி நழுவி வந்தது.

"தனியாளா அளந்தா சரியா வருமா?"

அக்கா போகவில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வந்து குனிந்து நுனியை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"அப்பா கல்லுல வச்சுப் பிடி அக்கா."

அவள் அங்கே வைத்துப் பிடிக்கவில்லை. டேப்போடு ஓரடி எடுத்து வைத்து அந்தப் பக்கம் போனாள். "அப்பாகிட்டேர்ந்து அளந்தேன்னு ஏழு வருஷமா எழுதிட்ட," என்றாள். மண் இன்னும் ஈரமாக இருந்த மேட்டின் தலைமாட்டில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, நுனியை அங்கே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். "இங்கேர்ந்து அள."

டேப் அப்பாவுக்கு மேலே நீண்டு போனது. அவன் குழிக்குள் இறங்கி, குழாயின் நடுவில் டேப்பைச் சேர்த்து வைத்துப் பார்த்தான்.

"எவ்வளவு?"

"ரெண்டு மீட்டர் அறுபது."

"திருப்பிப் பாரு."

அவன் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு அறுபத்திரண்டுக்கா."

"எழுது," என்றாள் அக்கா. அவன் எழுதி முடிக்கிறவரை விரலை எடுக்கவில்லை.