ஐந்தாவது இன்னிங்ஸில் சொன்னது

பேஸ்பால் மைதானத்தில், அணிகளுக்குப் புது வீரர்களைத் தேடிப்பிடிக்கும் ஸ்கவுட்டுகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் உட்காருவோம். பந்தடிப்பவனுக்கு நேர் பின்னால் இரண்டு வரிசை. ஆளுக்கொரு ரேடார் துப்பாக்கி, மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம். ஏழெட்டு அணிகளின் ஆட்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்து பந்தின் வேகத்தைக் குறித்துக்கொள்வோம். இடையிடையே விதையோடு சேர்த்து வதந்தியையும் மெல்லுவோம்.

ஆகஸ்டில் ஒரு மதிய ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில், பக்கத்தில் இருந்த வேறொரு அணியின் ஸ்கவுட் ஃபென்டனிடம் நான் வாயை விட்டேன். எங்கள் டுலூத் ஹெரன்ஸ் அணியின் பொது மேலாளர் ஹால்வர்சனின் ஒப்பந்தம் அக்டோபரோடு முடிகிறது, வீரர்களை எடுப்பதிலும் விடுவதிலும் கடைசி முடிவு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்கிறார், கிடைக்காவிட்டால் கிளம்பிவிடுவார். என்னை நம்பி அவர் சொன்னது. நம்பினார் என்ற பெருமையில்தான் நானும் சொன்னேன்.

ஆட்டம் முடிவதற்குள் சங்கதி மூன்று அணிகளுக்குப் போய்விட்டது. மறுநாள் பத்திரிகையில் வந்தது.

அணியின் உரிமையாளர் திருமதி கிளேபோர்ன் பேச்சுவார்த்தையை நிறுத்தினார். வெளியே சொன்னவனின் பெயரைக் கொடுத்தால் கேட்டதெல்லாம் தருவதாகவும், அந்த ஆள் மட்டும் போக வேண்டும் என்றும் ஹால்வர்சனிடம் சொன்னாராம். அலுவலகம் முழுக்க இதே பேச்சு. எனக்கு அறுபத்தொரு வயது. வேறு எந்த அணியும் என்னை எடுக்காது. மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை அறிவிப்பு வந்தது. ஒப்பந்தம் இல்லை. ஹால்வர்சன் போகிறார்.

அவர் அறைக்குப் போனேன். சுவர்ப்பலகையில் வீரர்களின் பெயர் எழுதிய காந்த வில்லைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார், அடுத்து வருபவருக்காக.

"பாஸ், ஃபென்டன்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும் ரஸ். அன்னிக்கு அந்த ஆட்டத்துக்கு வேற யாரை அனுப்பினேன்?"

"என் பேரைச் சொல்லியிருந்தா நீங்க இங்கயே இருந்திருக்கலாமே."

அவர் ஒரு வில்லையை எடுத்துக் காட்டினார். எங்கள் இடதுகைப் பந்துவீச்சாளன் ஒகாம்போ. "இவனை எந்தச் சோளக்காட்டுல இருந்து புடிச்சீங்க? உங்களை அனுப்பிட்டு நான் யாரை வச்சு டீம் நடத்துறது? கண்ணு நல்ல கண்ணு. வாய்தான் ஓட்டை."

நேரே மாடிக்குப் போய் திருமதி கிளேபோர்னிடமும் ஒப்புக்கொண்டேன். ஹால்வர்சனைத் திரும்ப அழைக்கும்படி கெஞ்சினேன்.

"ரெண்டு தடவை கேட்டேன். ஆளைக் காட்டிக் குடுக்கச் சொல்ற இடத்துல வேலை செய்ய மாட்டேன்னு எழுந்து போயிட்டார். இப்ப நானே போய்க் கூப்பிட்டாலும் வரமாட்டார்."

"அப்ப நான் கிளம்பட்டுமா மேடம்?"

"நீங்களும் போயிட்டா அவர் எதுக்குப் போனார்? வேலையைப் பாருங்க ரஸ்."

சனிக்கிழமை ஆட்டத்தில் ஃபென்டன் பக்கத்தில்தான் இடம். விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். புது மேலாளர் யார், உள்ளே என்னதான் நடந்தது என்று குடைந்தான்.

ரேடாரை உயர்த்தினேன். பந்து வந்தது.

"தொண்ணூத்தி மூணு" என்றேன்.

"அதைக் கேக்கல ரஸ்."

அடுத்த பந்து வந்தது.

"தொண்ணூத்தி நாலு."