ஓரடி குறைத்து

தாமிரபரணியில் தண்ணீர் ஏறினால் அனுராதாவின் கழுத்திலிருந்த நீர்க்கட்டியும் ஏறியது, இறங்கினால் இறங்கியது. தொண்ணூறாம் வருடம் சித்திரையில், சிவசைலத்துக்கும் ராஜராஜேஸ்வரிக்கும் அவள் பிறந்தபோது அது கொட்டைப்பாக்கு அளவு. கார் சாகுபடிக்கு அணை திறந்ததும் எலுமிச்சை அளவு. பிறவியிலேயே வருவது, அபூர்வம், மூச்சுக்குழலை அமுக்குகிறது, மூன்று வயது முடியட்டும், ஆபரேஷன் செய்யலாம், அதுவரை பெரிதாகாமல் இருக்க வேண்டும் என்றார் மதுரை டாக்டர். ஆற்றைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சேரன்மகாதேவி பாலத்தடியில் இருந்த அளவுக்கல்லில் தினமும் காலையில் நீர்மட்டம் பார்த்து, நோட்டில் எழுதி, திருநெல்வேலி ஆபீசுக்குப் போனில் சொல்வது சிவசைலத்தின் வேலை. "இன்னைக்கு எவ்வளவுங்க?" என்றுதான் ராஜராஜேஸ்வரியின் காலைகள் தொடங்கின. கீழ்க்கரை ஐயம்பெருமாளுக்கு மட்டும் கல்மேல் நம்பிக்கை கிடையாது. சைக்கிளை வாசலில் நிறுத்தி, "அண்ணாச்சி, பாப்பா கழுத்து எப்படி இருக்கு? நாத்து பாவலாமா?" என்பார். போகும்போது பிள்ளை கையில் ஒரு வாழைப்பழம் இருக்கும்.

ஓர் ஆடிக் காலையில் பிள்ளையின் மூச்சு விசிலடித்தது. அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே போன சிவசைலம், கல் ஆறடி காட்டியும் ஐந்தடி என்று எழுதிவிட்டார். வீடு திரும்பினால் கட்டியும் அந்த ஓரடிக்கு வற்றியிருந்தது, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். அதன்பின் இரண்டு வருடத்துக்கும் மேல் அவர் ஓரடி குறைத்தே எழுதினார். எந்த வயலும் அதனால் காயவில்லை.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை கல்லின் தலை முழுகியது. பாலத்து மேட்டில் போன் இருந்த அறையில் அவர் நோட்டைத் திறக்கும்போது ராஜராஜேஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி வந்து நின்றாள். கட்டி நாடியை மேலே தள்ளியிருந்தது. மூச்சு விசிலடித்தது, உதட்டில் நீலம் ஏறியிருந்தது.

"குறைச்சு எழுதுங்க."

"எவ்வளவு?"

"அவ மூச்சு விடுத அளவுக்கு."

பத்தடியாவது குறைக்க வேண்டும். குறைத்தால் கீழே கரையோரத்தில் ஒருத்தரும் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார்கள். சிவசைலம் போனை எடுத்து, மகளின் முகத்தைப் பார்த்தபடியே உள்ளதைச் சொன்னார். எதிர்முனையில் அதைத் திருப்பிச் சொல்லி முடிக்குமுன் விசிலும் மூச்சும் நின்றன. கரையோரத்துக்காரர்கள் மேடேறினார்கள்; ஐயம்பெருமாளின் மூன்று பெண்களும் அதில் இருந்தார்கள்.

வெள்ளம் வடிந்தபின், அளவுக்கல்லைச் சுற்றி மட்டும் ஆறு ஓரடி தாழ்ந்து ஓடியது. என்ஜினியர்கள் இரண்டு தடவை கல்லை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு ஓரடி கூட்டி எழுதும்படி ஆர்டர் வந்தது. சிவசைலம் கூட்டி எழுதினார்.

ராஜராஜேஸ்வரி எட்டு மாதம் அவரிடம் பேசவில்லை. ஆனியில் அணை திறந்த மறுநாள், காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "இன்னைக்கு எவ்வளவுங்க?" என்றாள்.

"அஞ்சு. கூட்டினா ஆறு."

"எங்கிட்ட கூட்டாம சொல்லுங்க."

அன்றிலிருந்து திருநெல்வேலிக்கு ஓர் அளவும், வீட்டுக்கு ஓரடி குறைந்த அளவுமாகச் சொல்லிவருகிறார்.