கழுவிவிட்ட இடம்

விடிவதற்குள் மேயர் வேட்பாளரின் முகத்தைத் தார்ச்சாலையிலிருந்து சுரண்டி எடுத்தாக வேண்டும்.

முந்தின நாள் மாலை ஊர்வலம் போன சாலை அது. நோட்டீசுகள் பனியில் ஊறி, சாலையோடு சாலையாக ஒட்டிக்கிடந்தன. விளக்குமாறு அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. பெரியவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகத்தால் சுரண்டினாள். ஒவ்வொரு தாளிலும் அதே சிரிப்பு, அதே கும்பிடு. கீழே கொட்டை எழுத்தில் ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’. அவள் வீட்டுப் பிள்ளை இந்நேரம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

“எத்தன தடவதான்க்கா இந்த மூஞ்சிய வழிக்கிறது? இவரு பொண்டாட்டிகூட இத்தன தடவ பாத்திருக்க மாட்டா” என்றாள் சின்னவள், கைவண்டியைத் தள்ளிக்கொண்டு.

“வாயக் குறைச்சு கைய ஓட்டுடி. இடுப்பு விட்டுப்போச்சு எனக்கு.”

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்து, ஒரே வீட்டில் நடுவே தகரம் அடித்துக் குடித்தனம் நடத்துகிறார்கள். வீட்டில் தண்ணீர் பிடிப்பதற்கு அடித்துக்கொள்வார்கள். தெருவில் ஒருத்தி கூட்ட, ஒருத்தி அள்ள, பேசாமலே வேலை நகரும்.

நகரத்தைக் கூட்டும் ஒப்பந்தம் பல வருடமாக அந்த வேட்பாளரிடம்தான். மேயர் தேர்தலில் நிற்பதற்காக அதை மச்சான் பெயருக்கு மாற்றிவிட்டார். காகிதத்தில்தான் மச்சான். கூட்டுகிறவர்களுக்கு இவர்தான் முதலாளி. குப்பை போடுகிற கட்சியும் அவருடையது, அள்ளுகிற கையும் அவருடையது. இதைவிட வசதியான தொழில் உலகத்தில் இல்லை.

மேஸ்திரி ஸ்கூட்டரை நிறுத்தாமலே கத்தினான். “நாற்சந்தியில வரவேற்பு வளைவு சாஞ்சு நிக்குது. ஐயா காலையில அந்த வழியாத்தான் வராரு. சின்னவளே, ஓடிவந்து ஒரு கை புடி!”

“அது எங்க வேலையா?” என்றாள் பெரியவள்.

“சட்டம் பேசுறியா? அஞ்சு நிமிசம்.”

சின்னவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். பெரியவளும் பின்னாலேயே போனாள். குப்பை லாரிக்காரரும், வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கிய இன்னொரு துப்புரவுக்காரியும் மறுபக்கக் குழாயைப் பிடித்தார்கள். வேட்பாளரின் ஆளுயரப் படம் மேலே காற்றில் உப்பியது. அடிக்குழாய் நழுவியது. வளைவு மொத்தமும் சரிந்து, சின்னவளின் வலது மணிக்கட்டின் மேல் விழுந்தது.

அவள் கத்தவில்லை. “அக்கா, கைய எடுக்க முடியல” என்று மட்டும் சொன்னாள்.

லாரிக்காரர் அவளைத் தூக்கித் தன் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். ரேடியோ கூடப் போனாள். மேஸ்திரி ஸ்கூட்டரோடு மறைந்துவிட்டான்.

பெரியவள் தனியாக நின்றாள். தரையில் ரத்தம், வளைந்த குழாய்கள், கிழிந்த படம், அறுந்த கயிறு. அவளுக்குத் தலை வேலை செய்யவில்லை. கைதான் வேலை செய்தது. வருடக்கணக்காக அழுக்கைக் கண்டால் குனிந்து பழகிய கை. கயிற்றைச் சுருட்டினாள், படத்தை மடித்தாள், குழாய்களை வண்டியில் ஏற்றிக் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டாள். குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். வெயில் ஏறியபோது அந்த நாற்சந்தி, நகரத்திலேயே சுத்தமான இடமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். அறுவைசிகிச்சை செய்தால் விரல் மடங்கும், தள்ளிப்போட்டால் கை விறைத்துவிடும் என்றார்கள். வேலையில் அடிபட்டதென்று நிர்வாகம் ஒத்துக்கொண்டால் முழுச் சிகிச்சையும் உண்டு, வேலையும் போகாது. இல்லாவிட்டால் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

பெரியவள் மேஸ்திரியைத் தேடிப் போனாள். அவன் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்: “அன்னிக்கு அவ வேலைக்கே வரலையாமே. வீட்டுக் குளியலறையில வழுக்கி விழுந்தாளாம். ஐயா அப்படித்தான் சொன்னாரு. மாநகராட்சி ஆளுங்கள கட்சி வேலைக்கு விட்டோம்னு வெளிய தெரிஞ்சா அவரு வேட்புமனுவே கோளாறாயிடும்.”

“நாற்சந்தியில விழுந்தாளேய்யா! நீ நின்னியே!”

“அங்க என்ன இருக்கு? போய்ப் பாரு. ஒரு சொட்டு ரத்தம் காட்டு.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி, நான்தாண்டி கழுவினேன். ஒரு தடயம் விடாம எல்லாத்தையும் கழுவிட்டேன்.”

சின்னவள் வலியோடு சிரித்தாள். “வீட்டுல தொட்டி பாசி புடிச்சுக் கிடக்கு, அதத் தேய்க்க உனக்குக் கை வராது. அங்க போய்த் தேய்ச்சிருக்க பாரு.” பிறகு சிரிப்பு நின்றது. “விரல் மடங்காதாக்கா? விளக்குமாறு புடிக்க முடியாதா?”

பெரியவள் தலையணையைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாக இருந்த தலையணையை.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் விடியலில், வேட்பாளரே கிடங்குக்கு வந்தார். வெள்ளைச் சட்டை குப்பையில் படாதபடி வாசலிலேயே நின்றுகொண்டார்.

“தாய்மார்களே, நாளைக்கு ஓட்டுப் போடுற பள்ளிக்கூடமெல்லாம் பளிச்சுன்னு இருக்கணும். உங்க ஓட்டையும் மறக்காதீங்க. நான் உங்க வீட்டுப் பிள்ளை.”

“எங்க வீட்டுல ஒருத்தி கை நொறுங்கிக் கிடக்குறா” என்றாள் பெரியவள். “பிள்ளை வந்து பாக்கலையே?”

அவர் முகம் மாறவில்லை. சிரித்தபடியே இறங்கிய குரலில் பேசினார். “கேள்விப்பட்டேம்மா. வீட்டுல விழுந்தா நான் என்ன பண்றது? ஜெயிச்சு வரட்டும், பாப்போம். உன் புருசன் செத்தப்ப வேலை போட்டுக் குடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு. அன்னியிலேருந்து உங்க ஊர்வலத்தையும் சேத்துத்தான் கூட்டுறேன்.”

“எதுக்கு இப்ப வம்பு? அங்க விழுந்தான்னு சொல்றியே, என்ன அத்தாட்சி?”

“கழுவினது நான். என்னத்தக் கழுவினேன்னு எனக்குத் தெரியாதா?”

“நீ அவ ஓரகத்தி. உன் பேச்சு எடுபடாது.” மற்றவர்களைப் பார்த்தார். “வேற யாராவது பாத்தீங்களா?”

பேச்சை நிறுத்தத் தெரியாத ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார், இந்த வேலையை விட்டால் வேறு நாதியில்லை. பெரியவள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பது போலாகிவிடும்.

“எனக்குத் தொண்டை சரியில்ல” என்றாள் ரேடியோ. வேட்பாளர் தலையசைத்தார். அவள் தலையை நிமிர்த்தினாள். “இருந்தாலும் சொல்றேன். நானும் அந்தக் குழாயப் புடிச்சுக்கிட்டு நின்னேன். மேஸ்திரிதான் கூப்பிட்டான்.”

“நானும்” என்றார் லாரிக்காரர்.

“எங்க தெரு வளைவ நாங்கதான் கட்டினோம்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“யோசிச்சுப் பேசுங்க” என்றார் வேட்பாளர். இப்போது சிரிப்பில்லை. “இன்னிக்கு விளக்குமாத்தக் கீழ போட்டா, நாளைக்கு எடுக்குறதுக்கு வேற ஆளு வரும்.”

“வரட்டும். தேர்தல் அதிகாரிகிட்ட சொல்வோம், அவங்ககிட்டயும் சொல்லிட்டுத்தான் போவோம்” என்றாள் பெரியவள். அவள் குரலில் வீரம் ஒன்றும் இல்லை. தூக்கம் கெட்டவளின் குரல் அது. ஆனால் கால் நடந்தது. மற்ற கால்களும் நடந்தன.

தேர்தல் அதிகாரியின் அலுவலக வாசலில் காவலாளி மறித்தான். “ஐயா பிசி. தேர்தல் முடிஞ்சு வாங்க. இல்லாட்டி ஒருத்தர் மட்டும் உள்ள போய் எழுதிக் குடுங்க.”

“ஒருத்தரா போனா, நாளைக்கு அந்த ஒருத்தர் வேலையில இருக்க மாட்டாங்க” என்றாள் ரேடியோ. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. “எல்லாரும் போவோம். இல்லாட்டி இங்கியே உக்காருவோம். எங்களுக்கு நிக்குறதுதான் கஷ்டம், உக்காருறதுல ஒண்ணும் கஷ்டமில்ல.”

உட்கார்ந்தார்கள். படிக்கட்டின் சிமெண்டு சுட்டது. கதவு திறக்கவில்லை. ஒருத்தி உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனாள். லாரிக்காரரைக் காணோம். பயந்து நழுவிவிட்டார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். பெரியவளும் அப்படித்தான் நினைத்தாள், குறை சொல்லத் தோன்றவில்லை.

மதியம் சாய்கிற நேரத்தில் குப்பை லாரி அலுவலகத்தின் முன்னால் வந்து நின்றது. வழக்கம்போல எல்லாக் கிடங்குக்கும் ஒரு சுற்று போயிருந்தார் லாரிக்காரர். இன்று ஏற்றி வந்தது குப்பையை அல்ல. பின்பலகை திறந்தது. முகம் தெரியாத வேறு கிடங்குக்காரர்கள் சேலையையும் லுங்கியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு பெண்ணுக்குக் காலில் பழைய கட்டு.

“எங்களையும்தான் வளைவு கட்ட விட்டானுங்க” என்றாள் அவள், மூச்சு வாங்க. “கால்ல ஆணி ஏறி சீழ் புடிச்சிருக்கு. தனியா வந்து சொல்ல பயமா இருந்துச்சு.”

கதவு இன்னமும் மூடியேதான் இருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

பெரியவள் வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் கொஞ்சம் நகர்ந்தாள்.

“கால நீட்டி உக்காரு தாயி” என்றாள். “நேரமாகும்.”