கீரிக் கரைக்குக் கேட்ட விளக்கு

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் உள்ளூராட்சிச் சபையின் தவிசாளர் சிவராசா, வீதிவிளக்குக் குழுவின் உறுப்பினர்களான நௌஷாட், றஞ்சிதா, மங்கையற்கரசி, பாயிஸ், கொன்ஸ்ரன்ரைன். பொதுமக்களுக்கான கதிரையில் பெற்றிசியா. அவள் கொன்ஸ்ரன்ரைனின் தம்பி மனைவி.

விளக்கு ஒன்றுதான் வந்திருந்தது. கேட்ட இடங்கள் இரண்டு. ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பிடம் ஒன்று. மற்றது கீரி என்ற மீனவக் கிராமத்தின் கரை. போன மாரியில் இருட்டில் கரை தெரியாமல் வந்த படகு கல்லில் அடித்து, பெற்றிசியாவின் மூத்தவன் ஜெனோஜன் இறந்துபோனான். இப்போது இளையவன் டினேஷ் அதே கரையால்தான் தொழிலுக்குப் போகிறான்.

நௌஷாட்டும் றஞ்சிதாவும் கீரிக்கு என்றார்கள். மங்கையற்கரசியும் பாயிஸும் தரிப்பிடத்துக்கு என்றார்கள். எல்லோரும் கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து சால்வையைச் சரிசெய்தார்.

"என்ர பெறாமகன்ர, தம்பின்ர பெடியன்ர பேர் இந்த விண்ணப்பத்தில கிடக்கு. நான் வெளிய நிக்கிறன்."

"அண்ணை, இருங்கோ," என்றார் சிவராசா. "வெளிச்சம் முழுக் கீரிக்கும்தானே. உங்கட வீட்டு முத்தத்துக்கோ கேக்கினம்? சட்டம் உங்களை எழும்பச் சொல்லேல்லை."

"சட்டம் சொல்லாது. ஊர் சொல்லும்."

"சொன்னாச் சொல்லட்டுமே அண்ணன்," என்றார் நௌஷாட். "வெளிச்சத்தில நிண்டு சொல்லட்டும்."

மங்கையற்கரசிகூடச் சிரித்துவிட்டாள். கொன்ஸ்ரன்ரைன் சிரிக்கவில்லை. அவருடைய தகப்பனும் ஒரு காலத்தில் சபை உறுப்பினர்தான். ஊர் ஒழுங்கைகளுக்கெல்லாம் கிறவல் மண் போடுவித்தவர், தன் வீட்டு ஒழுங்கைக்கு ஒரு கூடைகூட வாங்கவில்லை. மழைக்கு இன்றும் அங்கே முழங்கால் அளவு சேறு. அந்தச் சேற்றைத்தான் குடும்பத்தின் மரியாதை என்று கொண்டு வளர்ந்தவர் கொன்ஸ்ரன்ரைன்.

"அத்தான்," என்றாள் பெற்றிசியா, ஒரே ஒரு தடவை.

அவர் திரும்பாமல் வெளியே போனார். முற்றத்தில் தண்ணீர் பவுசர் வண்டியின் நிழலில் இரண்டு கழுதைகள் நின்றன. அவர் வெயிலில் நின்றார். உள்ளே வாக்கு இரண்டுக்கு இரண்டாகச் சமப்பட்டது கேட்டது. பிறகு தவிசாளரின் குரல்: நோயாளிகள் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், தன் வாக்கு தரிப்பிடத்துக்கு. அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. கொன்ஸ்ரன்ரைன் ஒருவர் உள்ளே இருந்திருந்தால் தவிசாளரின் வாக்கே தேவைப்பட்டிராது.

பெற்றிசியா வெளியே வந்தாள். அழவில்லை.

"டினேஷ் இண்டைக்கும் போறான், அத்தான்."

"நான் கரையில டோர்ச் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

அவர் சால்வையை மறுபடியும் சரிசெய்தார்.

"உங்கட பேருக்கு ஒரு குறையும் வராது," என்றாள் அவள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து அவர் கரையில் நிற்கிறார். டோர்ச்சின் வெளிச்சம் அந்தக் கல் வரைக்கும் எட்டுவதில்லை. அது அவருக்கும் தெரியும், படகில் வருகிறவனுக்கும் தெரியும். டினேஷ் இறங்கி, "பெரியப்பா, வீட்டை போங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போவான்.

சொந்தப் பெறாமகனின் கரைக்கு விளக்கு வேண்டாமென்று கொன்ஸ்ரன்ரைன் எதிராகக் கை உயர்த்தினார் என்று கீரியில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். அவர் கையே உயர்த்தவில்லை.