திரையில் விழாத எழுத்து

"பெட்டியோட பிளக்கைப் பிடுங்குங்க மாமா," என்றாள் திரிபுரசுந்தரி.

துரைராஜுக்குத் தன் காதின்மேலேயே சந்தேகம் வந்தது. அவள் புருஷன், இவருடைய தம்பி கேசவன், விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது ஹாலில் குளிர்பெட்டிக்குள் படுத்திருக்கிறார். ஹாலில் இருந்ததோ ஒரே ஒரு பெரிய பிளக் பாயின்ட். பெட்டி வந்ததுமே பக்கத்து வீட்டுக் கனகவல்லி கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கி அதற்கு இடம் பண்ணிக் கொடுத்திருந்தாள். இரும்புலியூரில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பொணத்தை வச்சிக்கினு கம்ப்யூட்டரா?" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், எல்லாருக்கும் கேட்கிற ரகசியமாக.

விஷயம் இதுதான். சிட்னியில் இருக்கும் மகள் காந்திமதி போன வாரம்தான் வீடு மாறினாள். புது போன் நம்பரை மெயிலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். பழைய நம்பரில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எடுத்து, அப்படி யாரும் இல்லை என்றுவிட்டார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது பெரியவர்கள் முடிவு. பெற்ற பெண்ணுக்குத் தெரியாமல் அப்பனை எரிப்பதா?

துரைராஜ் பிளக்கை மாற்றினார். பெட்டியின் உறுமல் நின்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

மவுஸ், படம் இதெல்லாம் கேசவனுக்கு ஆகாது. எல்லாமே எழுத்தில் கட்டளைதான். வீட்டு பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கத் தானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். எது வேண்டுமோ அதன் பெயரை அடித்து, பெரிய பாஸ்வேர்டு ஒன்றைக் கொடுத்தால் கக்கும். ஞாயிறுதோறும் மனைவியை உட்காரவைத்துப் பழக்கினார். அந்தப் பெரிய பாஸ்வேர்டை அவளே வைத்துக்கொண்டாள்; அதை அடிக்கும்போது மட்டும் மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொள்வார். கீரை ஆயணும், ஆளை விடுங்க என்று அவள் முணுமுணுக்காத ஞாயிறு இல்லை. ஐம்பது வயசில் ட்யூஷனா என்று தெரு சிரித்தது.

இப்போது அடித்தாள். கனகவல்லி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஒண்ணுமே விழல?"

"விழாது. கண்ணுக்குத் தெரியாம உள்ள போய்க்கிட்டிருக்கும்."

புருஷன் பெயரா, மகள் பெயரா, குன்றத்தூர் முருகனா? விரல் ஓடிய ஓட்டத்துக்கு எந்தப் பெயரும் அவ்வளவு நீளமில்லை. தெருவுக்கு இன்றுவரை தெரியாது.

மெயிலின் பாஸ்வேர்டு வந்தது. போன் லைனில் மோடம் கீச்சிட்டதும் ஒப்பாரி வைத்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மெயில் திறந்தது. நம்பர் இருந்தது.

அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லவேளை, விடாம உக்கார வச்சீங்க," என்றாள், அடுப்படியிலிருந்து பேசுகிற சாதாரணக் குரலில்.

மோடத்தை நிறுத்திவிட்டு போன் போட்டாள். மணி அடித்த உடனேயே எடுத்துவிட்டாள் காந்திமதி. அந்த நம்பரை அவள் இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

"அப்பா? மெயில் பாத்துட்டீங்களா?"

திரிபுரசுந்தரி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துட்டோம் கண்ணு."

கனகவல்லி, யாரும் சொல்லாமலே, மற்றப் பெண்களையும் கிளப்பிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.