அப்புறப்படுத்தியவர்

நீடாமங்கலத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் மீரா சாகிப்புக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு அவர் இத்தனை காலம் வியாபாரம் செய்ததே பெரிய ஆச்சரியம். மன்னார்குடி கோட்டாட்சியர் அலுவலகத்தில், தம்பி ஜாபிரின் சாவைப் பற்றிய விசாரணையில், அதே குணம்தான் அவர் கழுத்தைப் பிடித்தது.

ஊருக்கு வெளியே ஒரு புற்றுநோய் மருத்துவமனை மூடிக் கிடந்தது. நடத்தி வந்த டாக்டர் காலமாகிவிட்டார். மகன் இளஞ்செழியன் அதைக் கல்யாண மண்டபமாக்கக் கிளம்பினார். பின்னறையில் கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின் ஒன்று நின்றது. "பாய், அதை எப்படியாவது அப்புறப்படுத்திடுங்க, கொத்தனார் வந்து நிக்கிறாரு" என்றார் அவர். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. பாயும் கேட்கவில்லை. மனிதர்கள் கேட்டிருக்க வேண்டியதை எப்போதும் பிற்பாடுதான் கேட்கிறார்கள்.

மெஷின் கடைக்கு வந்த அன்று கோடியக்கரையில் உறவுக்காரர் வீட்டு நிக்காஹ். மீரா சாகிப் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஜாபிரு, நான் வர்றதுக்குள்ள அதை அப்புறப்படுத்திடுப்பா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

ஷார்ஜா வேலையை முடித்துக்கொண்டு அண்ணன் கடைக்கே வந்துவிட்டவன் ஜாபிர். மெஷினின் தலையில் மஞ்சள் நிறத்தில் மூன்று இறக்கை போட்ட படம் ஒட்டியிருந்தது. படித்தவனுக்கு அது எச்சரிக்கை. பழைய இரும்புக்காரன் கண்ணுக்கு மூன்று இறக்கை என்றால் ஃபேன், ஃபேன் என்றால் மோட்டார், மோட்டார் என்றால் உள்ளே செம்புக் கம்பி. கனத்த ஈயத்தை அறுத்துப் பிளந்தால் செம்பைக் காணோம். விரல் நீளத்துக்கு, பளபளவென்று ஒரு எவர்சில்வர் குப்பிதான் இருந்தது. காக்கா என்று அவன் கூப்பிடும் அண்ணனிடம் காட்டலாமென்று கைலி மடிப்பில் செருகிக்கொண்டான், பாவி மகன்.

சாயங்காலமே வாந்தி. பிறகு, நெருப்பே படாமல் தொடை வெந்தது. தஞ்சாவூரில் ஒரு டாக்டர் அந்தப் புண்ணைப் பார்த்ததும் முகம் மாறினார். கவச உடை போட்டவர்கள் வந்து, கடையில் அவன் எடுத்து வைத்திருந்த குப்பியை நீளக் கிடுக்கியால் எடுத்து, கனத்த பெட்டிக்குள் வைத்து, முன்னும் பின்னும் போலீஸோடு கொண்டுபோனார்கள். ஜாபிர் பிழைக்கவில்லை; அவன் மையித்துக்கு அந்த மரியாதையும் இல்லை. உடம்பால் யாருக்கும் ஆபத்தில்லை என்று அதிகாரிகள் சொல்லியும் ஊர் நம்பவில்லை. குளிப்பாட்ட மீரா சாகிப்பும் பள்ளிவாசல் மோதினாரும் மட்டுமே இருந்தார்கள்.

இப்போது பழி யார் தலையில் விழப்போகிறது என்பதுதான் விசாரணை. ஜாபிரின் மனைவி நஃபீசா நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்த இத்தா முடிந்து முதல்முறையாக வெளியே வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"மெஷினை அங்கேருந்து அப்புறப்படுத்தினது யாரு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நான்தாங்க" என்றார் மீரா சாகிப்.

இளஞ்செழியனின் வக்கீல் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அவரே ஒத்துக்கிட்டாருங்க."

கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி ஆனந்தவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பாய் தூக்கிட்டுப் போனாரு. அப்புறப்படுத்தலை. ரெண்டும் வேற வேற. இந்த மாதிரி பொருளை யார் வாங்கி வச்சாங்களோ, அவங்க எங்களுக்குச் சொல்லி, வந்த இடத்துக்கே பத்திரமா திருப்பி அனுப்பணும். அதுக்குப் பேருதான் சட்டத்துல அப்புறப்படுத்துறது. அதுவரைக்கும் பொறுப்பு அவங்களோடது."

"லைசென்ஸ் அப்பா பேர்ல இருந்துச்சுங்க. அப்பாவே இல்ல. நான் கட்டடத்துக்குத்தான் வாரிசு" என்றார் இளஞ்செழியன்.

"அப்ப மெஷினுக்கு யாரு வாரிசு? ஜாபிரா?"

கோட்டாட்சியர் பேனாவை மூடினார். பொறுப்பு மருத்துவமனையை எடுத்துக்கொண்டவருடையது, வழக்கு அவர்மேல்தான், மீரா சாகிப் வெறும் சாட்சி என்றார். நியாயம் கிடைத்துவிட்டது. மீரா சாகிப்புக்கு மட்டும் நெஞ்சில் ஏறிய பாரம் அப்படியே இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நஃபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அல்ஹம்துலில்லாஹ். உங்க பேரு தப்பிச்சிருச்சு மச்சான்."

அவர் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நிக்காஹ்வுக்குப் போறப்ப, அவுங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் வராதே.

"அப்புறப்படுத்திடுன்னு சொன்னேம்மா."

நீடாமங்கலம் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"இதை உள்ள ஏன் சொல்லலை?"

"அங்க யாரும் கேக்கலைம்மா" என்று சொல்லிவிட்டு, மீரா சாகிப் பஸ் ஸ்டாண்ட் நடுவில் நின்று வாய்விட்டு அழுதார்.