கோட்டுக்குள் நாற்பத்தோராம் நாள்

நவம்பர் ஆறாம் தேதி மத்தியானம், ஆய்வுக்கூடத்தின் கதவுகளில் நூல் கட்டி, களிமண் அப்பி, முத்திரை குத்திக்கொண்டே வந்தார்கள். மறுநாள் சோவியத் புரட்சி நாள் என்றால் வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். மூன்று நாள் யாரும் உள்ளே போக முடியாது. மின்சாரமும் கிடையாது.

ரிம்மா ஸகாரோவ்னா தன் கண்ணாடிக் குழாயை விட்டு நகரவில்லை. உள்ளே, வெந்த ஜவ்வரிசி மாதிரி ஜெல் மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் உயிரோடு பாக்டீரியாக்கள். மேலே ஊற்றும் கரைசலை மூட்டுவாத மருந்தாக்கிக் கீழே விட்டுக்கொண்டிருந்தன. இன்றோடு நாற்பது நாள். ஐம்பது நாள் தாக்குப்பிடித்தால் தொழிற்சாலை ஏற்றுக்கொள்ளும். செத்தால் ஆராய்ச்சிக்கே மூடுவிழா.

"கவுத்துக் கொட்டிட்டுக் கிளம்புங்கம்மா," என்றார் துணை இயக்குநர் வதீம் கார்ப்போவிச். "லீவு முடிஞ்சு புதுசாப் போட்டுக்கலாம்."

"லீவுக்கு ஊருக்குப் போறப்ப உங்க பூனையையும் கொட்டிட்டுத்தான் போவீங்களா?"

"அது உயிரு."

"இது மட்டும் என்ன, உப்பா?"

அவர் முகம் சிவந்து அடுத்த கதவுக்குப் போனார். ரிம்மா குழாயைத் திறந்தாள். மணிகளைத் தீனிக் கரைசலோடு ஒரு ஊறுகாய் ஜாடியில் கவிழ்த்தாள்.

வாசலில் காவலர் திரஃபீம் தடுத்தார். "என்னம்மா அது?"

"வெள்ளரிக்கா ஊறுகாய்."

"வெள்ளரிக்காயக் காணோமே?"

"தின்னாச்சு."

சிரித்துவிட்டு அவர் விலகினார்.

காற்றுக்காக அரைமணிக்கு ஒரு தடவை ஜாடியைக் குலுக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலை ஊர்வலம். வராதவர் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். வீட்டில் விட்டுப் போனால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஜாடியை வயிற்றோடு சேர்த்துச் சால்வையால் கட்டி, மேலே கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள்.

ஊர்வலத் தெருவில் பனி தூறிக்கொண்டிருந்தது. வதீம் கார்ப்போவிச் கொடிக்கம்பை நீட்டினார்.

"புடிங்க."

"கை காலியில்ல."

அவர் பார்வை அவள் வயிற்றில் நின்றது. "உள்ள என்ன?"

"நாப்பத்தோராம் நாள். இங்கயே கொட்டச் சொல்றீங்களா? இத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க, பார்ப்போம்."

அவர் வாயைத் திறக்குமுன் வாத்தியம் முழங்கியது. மற்றவர்கள் குளிரில் காலை இழுத்து நடந்தார்கள். ரிம்மா ஸகாரோவ்னா மட்டும் முழங்காலை உயர்த்தித் தரை அதிர மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் கோட்டுக்குள் ஜாடி களக் களக்கென்று குலுங்கியது.